எந்த அறையில் ஊற்றுவார்கள்?

பப்பில் நல்ல சேவை என்றால் சிரித்த முகம், சீக்கிரம் வரும் பியர், துடைத்த மேசை என்கிறார்கள். இங்கிலாந்தின் ஸ்மெதிக் நகரில் புளூ கேட்ஸ் பப்பிலும் இதெல்லாம் இருந்திருக்கும், வெள்ளையருக்கு. மற்றவர்களுக்குப் பொது பாரில் மட்டுமே ஊற்றுவார்கள். சொகுசான ஸ்மோக் ரூமில் கிடையாது. 1965 பிப்ரவரியில் இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவதார் சிங் ஜோல், மால்கம் எக்ஸை அங்கே அழைத்துப் போனார். அவருக்கும் அதே மறுப்புதான். ஒரே கூரை, ஒரே பியர், ஒரே காசு. இரட்டைக் குவளை பார்த்த நமக்கு விளக்கவுரை வேண்டுமா என்ன!

ஊழியருக்குப் பணிவு சொல்லிக்கொடுத்தா இது மாறியது? போராடினார்கள். அந்த ஆண்டே வந்த இன உறவுகள் சட்டம் பப்புகளில் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்தது. (வேலைக்கும் வீட்டுக்கும் 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.)

அந்த வட்டாரத்தில் இன்று பல பப்புகளை நடத்துவதே பஞ்சாபியர்கள்தான். அங்கே ஒருவரைச் சாதி பார்த்து ஒதுக்கினால்? சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்கும்படி 2013இல் நாடாளுமன்றம் அரசைப் பணித்தது. 2018இல், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று அரசு கைவிரித்தது. அதாவது, அவமானப்பட்டவர் தன் செலவில் வழக்குப் போட்டு, தனக்குப் பாதுகாப்பு உண்டா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.