பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை: ப்ராசஸர் ஃபேன் டப்பாக்கள்

ப்ராசஸருக்கு ஃபேன் வாங்கப் போகிறவர் டப்பாவைத் திருப்பிப் பார்க்கிறார். இரண்டு எண்கள். ஒன்று காற்றோட்டம், இன்னொன்று அழுத்தம். இரண்டும் பெரிதாக இருக்கிற ஃபேனை எடுத்துக்கொண்டு திருப்தியோடு பில் போட வருகிறார். பாவம்! அந்த இரண்டும் ஒரே நேரத்தில் அவருக்குக் கிடைக்கப் போவதே இல்லை.

காற்றோட்டத்தை அளக்கும்போது ஃபேனுக்கு முன்னால் எந்தத் தடையும் கிடையாது. அதாவது அழுத்தம் பூஜ்யம். அழுத்தத்தை அளக்கும்போது வழியை முழுசாக அடைத்துவிடுகிறார்கள். அப்போது காற்றோட்டம் பூஜ்யம். ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் 2018-இல் ஒரு 120 மி.மீ. ஃபேன் கொண்டுவந்தது. இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் இடைவெளி வெறும் 0.5 மி.மீ.! மணிக்கு 102.1 கன மீட்டர் காற்று, 2.34 மி.மீ. தண்ணீரைத் தூக்கும் அழுத்தம் என்று கணக்கு. இத்தனை கவனமாகச் செய்த ஃபேனுக்கும் விதி அதேதான். இரண்டில் ஒன்று உச்சத்தில் இருந்தால் மற்றது பூஜ்யம்.

நிஜத்தில் ஃபேன் என்ன செய்கிறது? ஹீட்ஸிங்க்கின் நெருக்கமான தகடுகளுக்கு நடுவே காற்றைத் தள்ளுகிறது. அது வேலை செய்யும் இடம் இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. தடை கூடக்கூட காற்று எவ்வளவு குறைகிறது என்று காட்ட ஒரு வளைகோடு உண்டு. அது வடிவமைத்தவர் மேஜையில் இருக்கிறது. டப்பாவில்தான் பெரும்பாலும் இருப்பதில்லை.

"வேகமாகச் சுற்றவிட்டால் போச்சு" என்பார்கள். சுற்றட்டும்! வேகம் இரண்டு மடங்கானால் காற்றும் இரண்டு மடங்கு. ஆனால் அதற்கான மின்சாரம் எட்டு மடங்கு, சத்தம் சுமார் 15 டெசிபல் கூடுதல். சுற்றாமல் விட்டாலோ, சூடு தாங்காத ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் அங்கே போகிறது.

"சாதாரண ஜனங்களுக்கு வளைகோடு புரியாது" என்பது அடுத்த சாக்கு. ஒரு கம்பெனி, வரவுக்கு தீபாவளி மாதத்தையும் செலவுக்கு கடை மூடியிருந்த மாதத்தையும் எடுத்து ஒரே லாப நஷ்டக் கணக்கில் காட்டினால் எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா? இரண்டு தொகையும் நிஜம்தான். சேர்த்து வைத்ததுதான் ஏமாற்று. கணக்கு புரியாத ஜனங்களுக்கு இப்படிக் காட்டலாம் என்று யாராவது வாதாடுவார்களா?

ஏழு கலர் லைட்டைப் படமாகப் போட டப்பாவில் இடம் இருக்கிறது. ஒரே ஒரு கோடு போட இடம் இல்லையாம்!