25 விசைகள் போதும்

புலம்பெயர்ந்து வாழும் எம் உறவுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊரிலுள்ள பிள்ளைக்கு இசையில் நாட்டம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். கடையிலிருப்பதில் ஆகப் பெரிய கீபோர்டை வாங்கி அனுப்பிவிடுவார்கள். அதில் 61 விசைகள் இருக்கும். நூற்றுக்கணக்கான ஆயத்தத் தாளங்களும் ஒலிபெருக்கியும் இருக்கும். அன்பில் குறையில்லை, தெரிவில்தான் பிழை என்கிறேன்.

மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் இன்றும் பல குடும்பங்கள் 10 அடிக்கு 12 அடி லயத்து அறைகளிலேயே வாழ்கின்றன. அந்த அறையில் ஒரு மீற்றர் நீளக் கருவி கட்டிலுக்கு அடியில்தான் உறங்கும். மடிக்கணினிக்கு முன்னால் அடங்கும் 25 விசை மிடி விசைப்பலகையோ பள்ளிக்கூடப் பையில் போகும். கணினியிலிருந்தே மின்சாரம் எடுக்கும். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்ட நாட்டில் இது சிறிய வசதியன்று.

"அது விளையாட்டுப் பொருள், தனியே ஒலிகூட எழுப்பாது" என்பார்கள். உண்மைதான். மிடி என்பது ஒலியன்று. எந்த விசை, எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு நேரம் என்று கணினிக்குச் சொல்லும் கட்டளை. 1983இல் பொதுத் தரமாக வந்த அந்த மொழியையே இன்றும் எல்லாக் கருவிகளும் பேசுகின்றன. ஊமையாக இருப்பதே அதன் சிறப்பு என்பேன். ஆயத்தத் தாளம் நிரம்பிய கருவி, பொத்தானை அழுத்தியதும் யாரோ எங்கோ செய்த தாளத்தைத் தருகிறது. அதைக் கேட்டுப் பழகிய பிள்ளை, தன் தாத்தாவின் தப்பை எதற்குத் தேடப் போகிறான்?

இன்னொரு பக்கம் சங்கீதப் பெரியவர்கள். விசைப்பலகையில் கமகம் வராது, அது நம் இசைக்குப் பகை என்பது அவர்கள் வாதம். பழைய வாதந்தான். அகில இந்திய வானொலி 1940 மார்ச்சில் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971 வரை அந்தத் தடை தளரவில்லை. வானொலி மூடிய கதவை நாடக மேடையும் கூத்துக் கொட்டகையும் பொருட்படுத்தவில்லை. அங்கெல்லாம் ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டேயிருந்தது.

ஆயினும் அவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. மிடி அறிந்த சுர எண்கள் 128. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அசைவே அதன் உருவம். அந்த அசைவுக்குத் தனி எண் கிடையாது. ஆனால் அதே மிடியில் சுரத்தை வளைப்பதற்கு 16,384 படிகள் வைத்திருக்கிறார்கள். ஆகவே விசைப்பலகை வாங்குகிறவன் எண்ண வேண்டியது விசைகளை அன்று. வளைக்கும் உறுப்பு எத்தகையது என்பதையே பார்க்க வேண்டும்.

கோர்க் நானோகீ 2, எம்-ஓடியோ கீஸ்டேஷன் மினி 32 போன்றவற்றில் வளைப்பதற்குப் பொத்தான்களே உண்டு. நம் இசைக்கு அவை உதவா. அகாய் எம்பிகே மினியில் ஒரு சிறு நெம்பு இருக்கிறது. ஆர்ட்டூரியா மினிலாப் 3இல் விரலால் தடவும் பட்டை. இவை ஓரளவு உதவும். சுழலும் சக்கரம் கிடைத்தால் அதையே எடுங்கள். வலக்கை விசையில், இடக்கை சக்கரத்தில். ஒரு கை மட்டுமே விசையில் இருக்கும்போது 61 எதற்கு, 88 எதற்கு? இரண்டு ஸ்தாயி போதும்; மேலும் கீழும் போக ஸ்தாயிப் பொத்தான் இருக்கிறது. மேற்கத்தியப் பியானோ பயில்கிறவருக்கு நீண்ட பலகை வேண்டும், மறுக்கவில்லை. மற்றவருக்கு அது வெறும் பெருமை.

வீட்டில் பிறக்கும் இசை சிறிய இசை என்ற நினைப்பும் ஒழியட்டும். ஏ.ஆர். ரகுமான் 1989இல் தம் சென்னை வீட்டு வளவில் அமைத்த கூடத்திலிருந்துதான் 1992இன் 'ரோஜா' வந்தது. பின்னாளில் அவரே, விசைக்கும் விசைக்கும் இடையே பிளவில்லாத கண்டினுவம் என்னும் கருவியை நாடினார். விசையின் போதாமையை அறிந்தவர், இசையை விட்டு விலகவில்லை. தகுந்த கருவியைத் தேடிப் போனார்.

இனி நான் சொல்ல வந்தது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கை மனத்தில் வைத்து, பெரிய கருவிக்கும் சிறிய கருவிக்கும் இடையே மிஞ்சும் பணத்தில் ஒரு நல்ல ஒலிவாங்கி வாங்கி அனுப்புங்கள். மாசியில் காமன் கூத்துக்குத் தீயில் காய்ச்சி அடிக்கும் தப்பு எந்த விசைப்பலகைக்குள்ளும் இல்லை. அதை அடிக்கும் முதியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போகிறார்கள். அந்த ஒலியை ஒவ்வோர் அடியாகப் பதிந்து, கணினியில் சேர்த்து, 25 விசைகளில் பரப்பி வைக்கலாம். எம்பிகே மினியைப் போன்றவற்றில் தாளம் தட்டுவதற்கென்றே எட்டுச் சதுரங்கள் இருக்கின்றன. பேரனின் விரல் அங்கே பழகட்டும்.

2023இல், மலையகத்தார் வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முன்னோர் நடந்த பாதைக்குச் செய்த மரியாதை அது. அப்பாதையில் அவர்கள் சுமந்து வந்த ஒலிக்கு நாம் செய்யும் மரியாதை என்ன? 1983இல் மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் எரிந்தது, மீண்டும் கட்டினோம். கல்லையும் மரத்தையும் மறுபடி எழுப்பலாம். பதியாமல் போன ஒலியை எழுப்ப முடியாது.

அடுத்த பொதியைக் கட்டுமுன் இதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.