திருச்சபை விலக்கிய கன்னியாஸ்திரி புனிதரானது எப்படி? யார் இந்த மேரி மெக்கிலாப்?

ஆஸ்திரேலியாவின் முதல் புனிதரை, ஒருகாலத்தில் திருச்சபையை விட்டே விலக்கி வைத்திருந்தார்கள். அப்படி என்ன தப்பு செய்தார்?

1866-ல் பெனோலா என்ற சிற்றூரில், பழைய குதிரை லாயத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார் மேரி. பாதிரியார் ஜூலியன் டெனிசன் வுட்ஸுடன் சேர்ந்து புனித சூசையப்பர் சகோதரிகள் சபையையும் தொடங்கினார்.

சிக்கல், சகோதரிகளை யார் நிர்வகிப்பது என்பதில்தான். 'எங்கள் தலைவியே' என்பது மேரியின் நிலைப்பாடு. ஆயர்கள் விடுவார்களா? கீழ்ப்படியவில்லை எனச் சொல்லி, 1871 செப்டம்பரில் அடிலெய்டு ஆயர் ஷீல் அவரை விலக்கினார். மேரிக்கு அப்போது வயது 29. ஐந்தே மாதத்தில், மரணப் படுக்கையில் இருந்த அதே ஆயர் தண்டனையை நீக்கினார்.

மேரி சும்மா இருக்கவில்லை. 1873-ல் ரோமுக்கே போய்ப் போப்பைச் சந்தித்தார். சபைக்கு முழு அங்கீகாரம் கிடைக்க 1888 ஆனது.

2010-ல் புனிதர் பட்டம். அதே ஆண்டுதான் இன்னொரு தகவலும் வெளிவந்தது: ஒரு பாதிரியார் மீது சகோதரிகள் கொடுத்த பாலியல் புகாரும் அந்த விலக்கலுக்கு ஒரு காரணமாம்.