கூடிக் கேட்கும் பாட்டு

பழைய ஆம்ப்ளிஃபையரையும் மரப்பெட்டி ஒலிபெருக்கியையும் தேடி வாங்கி, பழுது நீக்கிப் போற்றுவோர் இன்றும் உளர். அவற்றின் இனிமை இக்காலக் கருவிகளில் இல்லை என்பர். அது முழு உண்மையன்று. வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒலியைச் சிறிது மாற்றியே தருகிறது. அம்மாற்றமே பலர் செவிக்கு இதமாக இருக்கிறது. தெளிவில் இன்றைய நல்ல கருவிகள் குறைந்தவை அல்ல.

ஆயினும் அவர்களது ஏக்கத்தில் பொருள் உண்டு. 1978இல் வெளிவந்த ‘ப்ரியா’ படத்துக்கு இளையராஜா அமைத்த பாடல்கள் ஸ்டீரியோ முறையில் பதிவாயின. இடப்புறமும் வலப்புறமும் வெவ்வேறு ஒலி எழும் அம்முறையைச் சுவைக்க, அந்நாளில் கூடத்தில் இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்தனர். பாட்டி முதல் பேரன் வரை ஒரே பாட்டைக் கேட்டனர். 1979இல் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மனை வெளியிட்டது. பின்னர் இயர்போன் எங்கும் பரவியது. பாட்டு தனி ஒருவருக்கு உரியதாயிற்று.

புனேயின் வாகட் பகுதியில் தெருவெங்கும் மராத்தியும் இந்தியும் ஒலிக்கின்றன. அங்கு வளரும் தமிழ்க் குழந்தையின் காதில் தமிழ் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் விழ வேண்டும். தந்தை இயர்போனில் கேட்கும் பாட்டு குழந்தையை எட்டுவதில்லை. கூடத்தில் ஒலிக்கும் பாட்டோ, விளையாடும் குழந்தையின் செவியிலும் புகும், “இச்சொல்லுக்குப் பொருள் என்ன?” என்று கேட்கத் தூண்டும்.

இதற்கு விலையுயர்ந்த பழங்கருவி தேவையில்லை. எளிய ஒலிபெருக்கி ஒன்று போதும். நாள்தோறும் அரைமணி நேரமேனும் வீட்டார் கூடியிருந்து தமிழ்ப் பாட்டுக் கேட்பது நன்று.