நாயை ஏவினால் அதற்குப் பெயர் கலவரமா?

ஆண்டி வார்ஹோலின் ‘பர்மிங்ஹாம் ரேஸ் ரயட்’ அச்சுப்படம் இன்றைக்கும் ஏலத்தில் விலைக்கு வருகிறது. தமிழில் சொன்னால் ‘பர்மிங்ஹாம் இனக் கலவரம்’. 1964இல் அமெரிக்காவின் வாட்ஸ்வொர்த் அதீனியம் அருங்காட்சியகம் பத்து ஓவியர்களின் பத்துப் படங்களைத் தொகுப்பாக 500 பிரதிகள் போட்டது. அதில் ஒன்று இது. கறுப்பு மனிதர் ஒருவர்மேல் போலீஸ் நாய்கள் பாய்கின்றன. பார்த்தால் வயிற்றைப் புரட்டும். எனக்கு அதைவிடப் புரட்டுவது அந்தத் தலைப்பு.

கலவரம் செய்தது யார்? 1963 மே மாதம் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் நிறப் பாகுபாட்டை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். ஆயிரக்கணக்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கையில் ஆயுதமில்லை. பொதுப் பாதுகாப்பு ஆணையர் ‘புல்’ கானர் தீயணைப்புக் குழாயைத் திருப்பச் சொன்னான், நாயை ஏவச் சொன்னான். படத்தில் நாய் இருக்கு, போலீஸும் இருக்கு. தலைப்பில் மட்டும் போலீஸைக் காணோம்! அடித்தவனும் அடிபட்டவனும் சேர்ந்து ஏதோ ‘கலவரம்’ பண்ணினதாக ஆகிவிட்டது.

கலகம் வேறு, கலவரம் வேறு தோழர்களே. கலகம் நாம செய்வது. கலவரம் என்பது அடித்தவன் எழுதுகிற எஃப்.ஐ.ஆர். அந்தச் சொல்லின் வேலையை நம்ம ஆட்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

‘வார்ஹோல் போட்டதால்தானே உலகம் பார்த்தது’ என்று கலாரசிகர்கள் வருவார்கள். இல்லை ஐயா. சார்லஸ் மூர் எடுத்த அந்தப் புகைப்படங்களை 1963 மே மாதமே ‘லைஃப்’ பத்திரிகை வெளியிட்டுவிட்டது. நாடே பார்த்தது, கொதித்தது. வார்ஹோல் அனுமதி கேட்காமல் அவற்றை எடுத்தார். மூர் வழக்குப் போட, நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது.

அதே புகைப்படங்களை வைத்து வார்ஹோல் செய்த நான்கு பகுதி ஓவியம் ஒன்றும் உண்டு. சிவப்பு, வெள்ளை, நீலம், அதாவது அமெரிக்கக் கொடியின் நிறங்கள். 2014இல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 6 கோடியே 28 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதன் பெயரும் ‘ரேஸ் ரயட்’தான். வங்கியில் பேரேடு பார்க்கிறவன் நான், எனக்குப் பற்றும் வரவும் தெரியும். கடிபட்டவர் பேரில் பற்று, வாங்கி விற்றவர் பேரில் வரவு.

படத்தைக் கொளுத்தச் சொல்லவில்லை. மாட்டுங்கள், விற்கவும் செய்யுங்கள். தலைப்புக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: ‘நாயை ஏவியது போலீஸ்.’ கண்காட்சிக்குப் போகும் மாணவத் தோழர்கள் கோட்டையும் வண்ணத்தையும் பிறகு ரசிக்கலாம். முதலில் கேளுங்கள், இதுக்குப் பேர் வச்சது யாரு?