மருந்து ஊற்றிப் பார்த்தார்களா?

30 வருஷமாகத் தைக்கிறேன். இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 8. தீபாவளி வேலை தொடங்கும் முன் கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துக்கொள்வேன். கண் பரிசோதனை என்றால் அதுதான் என்றிருந்தேன்.

போன ஆவணியில் ஒரு ராத்திரி, ஹெம்மிங் செய்துகொண்டிருந்தபோது வலக்கண் ஓரத்தில் மின்னல் வெட்டியது. காலையில் வெள்ளைத் துணிமேல் கொசுக் கூட்டம்போலக் கரும்புள்ளிகள். உதறினேன், போகவில்லை. வலியும் இல்லை. அதனால் கண்ணாடிக் கடைக்குத்தான் போனேன். கடைசி வரி வரை படித்தேன். "பவர் மாறலைக்கா" என்று அனுப்பிவிட்டார்கள்.

மகள் விடவில்லை. ரெட்டினா டாக்டரிடம் இழுத்துப்போனாள். கண்மணி விரிய மருந்து ஊற்றி, முக்கால் மணி நேரம் காக்கவைத்து, பிறகு படுக்கச் சொன்னார்கள். டாக்டர் தலையில் விளக்கு மாட்டியிருந்தார். 1940களில் சார்லஸ் ஷெப்பென்ஸ் என்ற பெல்ஜிய மருத்துவர் உருவாக்கிய முறையாம் அது. ஒரு கையில் லென்ஸ். மறு கையில் சிறு உலோகக் குச்சி. இமைமேல் அதை வைத்து அழுத்திக்கொண்டே, "மேல பாருங்கம்மா, இப்ப வலது ஓரம்" என்றார். அழுத்தினால் கண்ணின் உள்சுவர் ஓரம் மேடாக எழும்பும்; மறைந்திருக்கும் கிழிசல் வாய் திறக்கும். நைந்த துணிக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்ப்போமே, அதே கைவேலை.

11 மணி திசையில் குதிரை லாடம்போல ஒரு கிழிசல் இருந்தது. விழித்திரை கண்ணுக்கு லைனிங் மாதிரி. ஓரம் கிழிந்தால் உள்ளிருக்கும் நீர் அந்த வழியே புகுந்து லைனிங்கையே உரித்துவிடும். நடுப்பகுதி உரியும்வரை எழுத்தெல்லாம் பளிச்சென்றே தெரியும். அன்றே கிழிசலைச் சுற்றி லேசர் வைத்தார். அந்தத் தையல் நன்றாகப் பிடிக்க இரண்டு வாரம்.

கடைக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. பவர் பார்ப்பது அவர் வேலை. ஆனால் மின்னலோ, திடீர்ப் புள்ளிகளோ, திரை விழுவதுபோல் நிழலோ தெரிந்தால் அன்றே ரெட்டினா டாக்டரிடம் போகச் சொல்லி ஒவ்வொரு கண்ணாடிக் கடையிலும் தமிழில் ஒரு பலகை வைக்கலாமே! கண் முகாம் நடத்துகிறவர்களும் அதிக மைனஸ் உள்ளவர்களை மருந்து ஊற்றிப் பார்க்க அனுப்பவேண்டும்.

மருந்து ஊற்றினால் அரை நாள் கண் கூசும், ஊசியில் நூல் கோக்க முடியாது. பீஸ் ரேட்டில் தைப்பவளுக்கு அது இரண்டு பிளவுஸ் கூலி. பயத்தைவிட அந்தக் கூலிதான் பலரைத் தடுக்கிறது. கார்மென்ட் முதலாளிகள் வருஷத்துக்கு ஒருமுறை அந்த அரை நாளைச் சம்பளத்தோடு கொடுக்கட்டும்.

என்னிடம் தைக்கும் பெண்ணுக்கு மைனஸ் 6. வரும் புதன்கிழமை அவளை அனுப்புகிறேன், கூலியோடு.