‘தேவையான அளவு’ என்றால் எவ்வளவு?

ரமழான் தலைப்பிறை தென்பட்டதும் தமிழ்த் தொலைக்காட்சிகளில் சமையல் நிகழ்ச்சிகளும் கூடவே வந்துவிடுகின்றன. அஸர் தொழுதுவிட்டு நோன்பு திறக்கக் காத்திருக்கும் நேரத்தில் திரையில் சமோசா பொரிகிறது. பலூடாவுக்குச் சிவப்புச் சர்பத் ஊற்றப்படுகிறது. கடைசியில் ஒரு டின் பால் முழுவதும் புடிங் சட்டிக்குள் போகிறது. மற்ற மாதங்களில் செய்மதி வழியாக இந்திய நிகழ்ச்சிகள். 2019இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘குக் வித் கோமாளி’யை காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் பிள்ளைகள் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இந்த நிகழ்ச்சிகள் ஆரோக்கியமான உணவை ஊக்குவிக்க வேண்டுமா? சமையல் நிகழ்ச்சி என்பது பொழுதுபோக்கு, அது சுகாதாரப் பாடம் நடத்தும் இடமல்ல என்று பலர் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பகல் முழுக்கப் பசித்திருப்பவரிடம் கொழுப்பைப் பற்றி உபதேசம் செய்தால் அவர் அலைவரிசையை மாற்றிவிடுவார். ஆகவே நான் கேட்பது உபதேசத்தை அல்ல, அளவை.

எந்தச் சமையல் நிகழ்ச்சியிலும் தவறாமல் வரும் ஒரு சொற்றொடர் உண்டு: ‘உப்பு தேவையான அளவு’. சில நேரங்களில் சீனியும் எண்ணெயும் அப்படித்தான். தேவையான அளவு என்றால் எவ்வளவு? வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அது ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாது. உணவில் சேர்க்கும் சீனி மொத்தச் சக்தியில் 10 வீதத்துக்குக் குறைய வேண்டும், 5 வீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது என்கிறது. 2000 கலோரி உண்பவருக்கு முதலாவது 50 கிராம், இரண்டாவது 25 கிராம்.

இப்போது ஆறாம் தரப் பிள்ளைகூடப் போடக்கூடிய ஒரு கணக்கு. அரைக் கிலோ கருப்பட்டியில் செய்த வட்டிலப்பத்தைப் பத்துப் பேர் பங்கிட்டால் ஒருவருக்கு 50 கிராம் கருப்பட்டி. கருப்பட்டியின் பெரும்பகுதி சீனிதான். சர்பத்தும் பிளேன்டீயும் சேருமுன்பே அன்றைய கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. டின் பாலில் ஏறத்தாழ பாதி சீனி. சூப்புக்கும் கறிக்கும் போடும் கியூபின் எடையில் கிட்டத்தட்டப் பாதி உப்பு. வட்டிலப்பம் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பெருநாளைக்கு வட்டிலப்பம் இல்லாமல் எப்படி? ஆனால் முப்பது நாளும் பெருநாள் அல்லவே.

இதில் சட்டத்தின் விநோதம் ஒன்றும் இருக்கிறது. 2016 ஓகஸ்ட் முதல் இலங்கையில் விற்கப்படும் மென்பானப் போத்தல்களில் சீனிக்கான நிறக் குறியீடு கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் குறைந்தால் பச்சை. 2019இல் பொதி செய்த உணவுகளின் சீனி, உப்பு, கொழுப்புக்கும் நிறக் குறியீடு வந்தது. 2017 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் பானங்களில் உள்ள ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் வரி விதித்தது. அதாவது கடை றாக்கையில் இருக்கும் போத்தல் தன் சீனியை நிறத்தால் சொல்ல வேண்டும். அதே பானத்தைத் திரையில் ஒரு ஜக்குக்குள் ஊற்றி மேலும் மூன்று கரண்டி சீனி போட்டால் எந்த நிறமும் காட்டத் தேவையில்லை.

டீவியைப் பார்த்தா மக்கள் சாப்பிடுகிறார்கள் என்று கேட்கலாம். 2020இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், 10 முதல் 12 வயதுப் பிள்ளைகள் சிலருக்கு ஆரோக்கியமான உணவு சமைக்கும் நிகழ்ச்சியையும் வேறு சிலருக்கு அப்படியல்லாத உணவு சமைக்கும் நிகழ்ச்சியையும் காட்டினார்கள். பின்னர் சிற்றுண்டி ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னபோது, முதலாவது குழுவினர் ஆரோக்கியமானதை எடுக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு அதிகமாக இருந்தது. பிரித்தானியாவில் 2005இல் ஜேமி ஒலிவர் பாடசாலைச் சாப்பாட்டைப் பற்றி நடத்திய தொலைக்காட்சித் தொடருக்குப் பிறகு அரசாங்கம் 280 மில்லியன் பவுண் ஒதுக்க முன்வந்தது. ஆனால் அதே நாட்டில் தொலைக்காட்சிச் சமையற்காரர்களின் 100 செய்முறைகளை ஆராய்ந்து 2012இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை வெளியிட்ட ஆய்வில், உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகள் அனைத்தையும் நிறைவு செய்தது ஒன்றுகூட இல்லை. திரைக்குச் சக்தி இருக்கிறது. அதை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதுதான் கேள்வி.

திருப்புகிறவர் பெரும்பாலும் அனுசரணையாளர். மாஜரினும் பால்மாவும் கியூபும் விற்கும் நிறுவனம் பணம் கொடுக்கும் நிகழ்ச்சியில் ‘இதைக் கொஞ்சமாகப் போடுங்கள்’ என்று சமையற்காரரால் சொல்ல முடியுமா? அமெரிக்காவில் வெண்ணெயும் சீனியும் தாராளமாகச் சேர்த்துச் சமைத்துப் புகழ்பெற்ற போலா டீன், தனக்கு நீரிழிவு இருப்பதை மூன்று வருடங்களுக்குப் பிறகு 2012 ஜனவரியில்தான் வெளியே சொன்னார். சொன்னபோதே நீரிழிவு மருந்து நிறுவனமொன்றின் விளம்பர முகமாகவும் ஆகியிருந்தார். நோயைத் தரும் சமையலுக்கும் ஒரு சம்பளம், நோய்க்கான மருந்துக்கும் ஒரு சம்பளம். நடுவில் நின்று செலவழித்தவர்கள் பார்வையாளர்கள்.

எமது நாட்டின் நிலைமை இலேசானதல்ல. 2005–2006இல் நடந்த தேசிய ஆய்வொன்று வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்றது. 2018–2019இல் நடந்த நாடளாவிய ஆய்வு அதை ஏறத்தாழ நான்கில் ஒருவர் என்று கண்டது. அளந்த முறைகளில் வேறுபாடு இருந்தாலும் போக்கில் சந்தேகம் இல்லை. காத்தான்குடி ஆதார வைத்தியசாலையிலோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கிளினிக் நாளில் கொப்பியோடு உட்கார்ந்திருப்போரைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்களை விளக்கத் தேவையில்லை.

முஸ்லிம்களாகிய எமக்கு இதில் இன்னொரு பொறுப்பும் உண்டு. 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராக எழுந்த பிரசாரத்தை நாம் மறக்கவில்லை. அந்த நெருக்கடியின் பின்னர் சான்றிதழ் வழங்கும் பணியிலிருந்து அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா விலகி, அதற்கெனத் தனி அமைப்பு உருவானது. இன்றும் பொதியைத் திருப்பி இலச்சினையைத் தேடாமல் நாம் வாங்குவதில்லை. ஆனால் ஸூரத்துல் பகராவின் 168ஆவது வசனம் ஹலாலோடு தய்யிபையும் சேர்த்தே சொல்கிறது. நல்லது, தூய்மையானது என்ற அந்த இரண்டாவது பாதியைப் பொதியில் தேடுபவர் எத்தனை பேர்? வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு பற்றிய ஹதீஸை ரமழான் பயானில் கேட்டுவிட்டு வந்து, நோன்பு திறக்கும் மேசையில் மூன்று பங்கையும் நிரப்பிவிடுகிறோம்.

ஆரோக்கிய உணவு காசுள்ளவர்களின் பேச்சு என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 2022இன் நெருக்கடியில் மரக்கறி விலையும் மீன் விலையும் எமது வீடுகளை எப்படி உலுக்கின என்பது தெரியும். ஆனால் சீனியைக் குறைக்கக் காசு வேண்டாம், காசு மிஞ்சும். திரையில் வரும் சீஸையும் மயோனைஸையும் விட வாவிக் கரையில் கிடைப்பவை எமக்குக் கிட்டியவை. வாவி இறாலும் கொடுவாவும், படுவான்கரை வயல்களின் சிவப்பரிசியும், வேலியில் நிற்கும் முருங்கையும், வல்லாரையும் பொன்னாங்காணியும் இருக்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழும் மண் என்று மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் ஒரு குரக்கன் பிட்டையோ முருங்கையிலை போட்ட நோன்புக் கஞ்சியையோ இஃப்தார் நிகழ்ச்சிகளில் காண்பது அரிதாக இருக்கிறது.

ஆகவே கோரிக்கைகள் மூன்று. முதலாவது, எந்தச் சமையல் நிகழ்ச்சியும் ஒரு ஆளுக்கு எத்தனை கிராம் சீனி, உப்பு, எண்ணெய் என்பதைத் திரையில் எழுதிக் காட்ட வேண்டும். போத்தலுக்கு இருக்கும் அதே மூன்று நிறத்தை இதற்கும் பயன்படுத்தலாம். அரசுக்குச் சொந்தமான நேத்ராவும் வசந்தமும் இதைத் தொடங்கினால் தனியார் அலைவரிசைகளிடமும் கேட்கலாம். இரண்டாவது, ரமழான் நிகழ்ச்சிகளில் வாரத்துக்கு ஒரு நாளாவது போஷாக்கு அறிந்த வைத்தியர் ஒருவர் சமையற்காரரின் பக்கத்தில் நிற்க வேண்டும், அனுசரணையாளரின் பொருள் அன்று மேசையில் இருக்கக் கூடாது. மூன்றாவது, பள்ளிவாசல் நிர்வாகங்களும் உலமாக்களும் ஹலாலைக் கேட்கும் அதே குரலில் தய்யிபையும் கேட்க வேண்டும். பள்ளிவாசல் இஃப்தாரில் சர்பத்தின் சீனியைப் பாதியாக்குவதற்கு எந்த அமைச்சின் சுற்றறிக்கையும் தேவையில்லை.

வகுப்பில் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் உணவுக் கூம்பகத்தைப் படிப்பிக்கிறோம். சீனியும் எண்ணெயும் அதன் உச்சியில், மிகச் சிறிய இடத்தில் இருக்கின்றன. அன்று மாலையே பிள்ளை திரையில் பார்ப்பது தலைகீழான கூம்பகத்தை. நாற்பது நிமிடப் பாடத்தால் தினமும் ஓடும் ஒரு நிகழ்ச்சியோடு போட்டி போட முடியாது. குறைந்தபட்சம் அந்த நிகழ்ச்சி எத்தனை கிராம் என்று உண்மையைச் சொன்னால், மிச்சக் கணக்கைப் பிள்ளைகள் போட்டுக்கொள்வார்கள்.